சிடி ரிப்போர்ட்ல கோராட்ஸ் 5, ஸ்கோர் 11/25ன்னு வந்தா வைரஸ் நிமோனியா உறுதியா? அது எவ்வளவு சீரியஸ்?

உங்க கேள்விய நிதானமா படிச்சேன். அப்பாவுக்கு 58 வயசு, காய்ச்சலும் வறட்டு இருமலும் ஆரம்பிச்சு இன்னைக்கு ஆறாவது நாள், ஆர்டி-பிசிஆர் (வைரஸ் இருக்கான்னு பாக்கற ஸ்வாப் டெஸ்ட்) நெகட்டிவ், ஆனா சிடி எடுத்ததுல 'ரெண்டு நுரையீரல்லயும் கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி, கோராட்ஸ் 5, சிவியரிட்டி ஸ்கோர் 11/25'ன்னு ரிப்போர்ட், விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர்ல 96. ஒருத்தர் 'அஞ்சுக்கு அஞ்சு வந்திருக்கு, உடனே ஐசியூல சேருங்க'ங்கறார், இன்னொருத்தர் 'அதான் டெஸ்ட் நெகட்டிவ் ஆச்சே, ஸ்கேன்ல எதையாச்சும் எழுதத்தான் செய்வாங்க'ங்கறார், நடுவுல நீங்க இது வைரஸ் நிமோனியா தானா, நாலு நாள் கழிச்சு இன்னொரு சிடி எடுக்கணுமான்னு கேக்கறீங்க. அடியில இருக்கற கேள்வி ரெண்டு. படத்த வச்சு கிருமி பேர சொல்ல முடியுமா, அந்த 11ங்கற நம்பர் அப்பாவுக்கு எவ்வளவு ஆபத்துன்னு சொல்லுதா. நான் ரேடியாலஜிஸ்ட், நெஞ்சு சிடி பாக்கறதுதான் தினப்படி வேலை. உங்க அப்பாவோட படத்த நான் பாக்கல, அதனால அவருக்கு என்ன மருந்துன்னு இங்க சொல்ல மாட்டேன், ஆனா அந்த ரிப்போர்ட்ல வர்ற ஒவ்வொரு வரியும் எப்படி உருவாகுது, அதுல எதை நம்பலாம், எதை லேசா எடுத்துக்கலாம்னு சொல்ல முடியும்.

முதல்ல அந்த 'அஞ்சுக்கு அஞ்சு' விஷயத்த முடிச்சிடலாம், ஏன்னா இதுலதான் நெறைய பேர் பயந்து போறாங்க. கோராட்ஸ்ங்கறது 2020 மார்ச்ல நெதர்லாந்து ரேடியாலஜி சங்கம் கொண்டு வந்த ஒரு அளவுகோல், அது நோய் எவ்வளவு தீவிரம்னு அளக்கறதே இல்ல. படம் கோவிட் மாதிரி இருக்கான்னு ரேடியாலஜிஸ்டுக்கு எவ்வளவு சந்தேகம்ங்கறத மட்டும்தான் சொல்லுது. 1ன்னா கோவிட்ங்கற சந்தேகம் ரொம்ப குறைவு, 5ன்னா ரொம்ப அதிகம், 6ன்னா ஏற்கனவே பிசிஆர் பாசிட்டிவ் ஆனவர், 0ன்னா படம் சரியா வரல. நுரையீரல் ஓரத்துல ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா நாலஞ்சு திட்டு மட்டும் இருந்து, ஆள் நல்லா நடமாடிட்டு இருந்தாலும் 5 போடலாம். ஒரு முழு லோபே (நுரையீரலோட ஒரு பெரிய பிரிவு) பாக்டீரியா நிமோனியாவுல வெள்ளையாகி மூச்சு முட்டிட்டு இருக்கறவருக்கு 2 வரலாம். ஆக 5ங்கற நம்பருக்காக ஐசியூ வேண்டியதில்ல. தீவிரத்தப் பத்தி பேசறது அந்த 11/25 தான், அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப படத்துல நாங்க என்னத்த பாக்கறோம்னு பாருங்க. சிடில ஒவ்வொரு புள்ளியோட அடர்த்திக்கும் ஒரு நம்பர் இருக்கு, காத்துக்கு மைனஸ் 1000, தண்ணிக்கு 0, நல்லா காத்து நெறஞ்ச நுரையீரல் மைனஸ் 700ல இருந்து மைனஸ் 900 வரைக்கும் நிக்கும், அதனாலதான் அது கறுப்பா தெரியுது. வைரஸ் போய் காத்துப்பைகளோட சுவர வீங்க வச்சு, உள்ள கொஞ்சம் நீர் கசிய ஆரம்பிச்சதும் அந்த இடம் கறுப்புலருந்து சாம்பலாகும், ஆனா உள்ள ஓடற ரத்தக்குழாய் இன்னும் தெரியும், மூடுபனிக்குள்ள மரக்கிளை தெரியற மாதிரி. இதுதான் கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி. காத்து முழுசா போய் நீரும் செல்லும் அடைச்சுக்கிட்டா ரத்தக்குழாய் மறைஞ்சு போய் வெள்ளைக் கட்டியா ஆகிடும், அத கன்சாலிடேஷன்னு சொல்றோம். சாம்பல் திட்டுக்குள்ளயே சின்னச் சின்ன கட்டம் கட்டமா கோடு விழுந்தா கிரேஸி பேவிங். இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு தனியான நோய் இல்ல, ஒரே நுரையீரல்ல ஒரே நேரத்துல மூணும் இருக்கும், பொதுவா நாள் போகப்போக முதல் வகை குறைஞ்சு மத்த ரெண்டும் கூடும், ஆறும்போது திரும்பவும் வெளுத்துட்டு கோடுகளா மாறும். எக்ஸ்ரேல தெரியாத லேசான சாம்பல் கூட சிடில தெரியும், அதுதான் இதோட பலம், பல சமயம் தொல்லையும் அதுதான்.

அப்ப இந்த சாம்பல பாத்து வைரஸ்னு எப்படி சொல்றோம்? எங்க இருக்கு, எப்படி பரவியிருக்குங்கறத வச்சுத்தான். கோவிட் நிமோனியான்னா பெரும்பாலும் ரெண்டு பக்கமும், நுரையீரலோட வெளி ஓரத்துல, முதுகுப் பக்கமா, கீழ் லோப்ல அதிகமா, உருண்டை உருண்டையா திட்டு இருக்கும், நுரையீரல் உறையில நீர் கோத்துக்கறதும் நெஞ்சுக்குள்ள நெறிகட்டி பெருசாகறதும் அவ்வளவா இருக்காது. இன்ஃப்ளுயன்சாவுல இதே மாதிரி சாம்பல் வரும், ஆனா மூச்சுக்குழாய ஒட்டி சிதறி இருக்கறது கொஞ்சம் அதிகம். ஆர்எஸ்வி, மெட்டாநியூமோங்கற சளி வைரஸ்கள் எல்லாம் மூச்சுக்குழாய்கள குறி வைக்கறதால குழாய் சுவர் தடிச்சு, பக்கத்துல துளிர் விட்ட கிளை மாதிரி குட்டிக் குட்டிப் புள்ளிகள், அத நாங்க ட்ரீ-இன்-பட்னு எழுதுவோம். அடினோ வைரஸ் ஒரு லோபையே வெள்ளையாக்கி பாக்டீரியா மாதிரி நடிக்கும். பெரியவங்களுக்கு சின்னம்மை நுரையீரலுக்கு போனா ரெண்டு பக்கமும் சிதறின குட்டி முடிச்சுகள், ஆறினதுக்கப்புறம் அதுல சிலது சுண்ணாம்பு ஏறி காலத்துக்கும் நிக்கும். கேக்க ரொம்ப தெளிவா இருக்கு இல்ல? நிஜத்துல இந்த ஓவியங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். கோவிட் மாதிரியே படம் இருந்து கடைசில இன்ஃப்ளுயன்சா பாசிட்டிவ் ஆகறது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஊரெல்லாம் ஒரே வைரஸ் ஓடற அலை நேரத்துல நாங்க படத்த பாத்து பேர் சொன்னது சரியா இருந்துச்சுன்னா, அதுல பாதி பெருமை அந்த அலைக்குத்தான் போகணும். அதனால உறுதியா சொல்ல முடியறது 'இது வைரஸ் நிமோனியாவோட பொருந்தற பேட்டர்ன்', அவ்வளவுதான். எந்த வைரஸ்ங்கறத சளி, ஸ்வாப் டெஸ்ட்தான் சொல்லணும்.

வைரஸே இல்லாம இதே சாம்பல் வர்ற இடங்களும் இருக்கு, உங்க அப்பா வயசுக்கு இத கண்டிப்பா யோசிக்கணும். இதயம் சரியா பம்ப் பண்ணாம நுரையீரல்ல நீர் கோத்தா ரெண்டு பக்கமும் சாம்பலாகும், ஆனா அது நடுப்பகுதில ஆரம்பிச்சு வெளிய பரவும், கோடுகள் நேரா விழும், உறையில நீர் இருக்கும், இதயம் பெருசா தெரியும். இதயத்துடிப்புக்கு குடுக்கற அமியோடரோன், மூட்டுவாதத்துக்கு குடுக்கற மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்துங்க, சில புது புற்றுநோய் மருந்துங்க நுரையீரல இப்படி ஆக்கும். எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்களுக்கு வர்ற நியூமோசிஸ்டிஸ்ங்கற பூஞ்சை நிமோனியா, நுரையீரலுக்குள்ள ரத்தக்கசிவு, ஆர்கனைசிங் நிமோனியா, இப்படி பட்டியல் போய்க்கிட்டே இருக்கும். நாங்க ரிப்போர்ட் எழுதும்போது எங்க கைல இருக்கற விவரம் பல நேரம் 'காய்ச்சல், இருமல்'ங்கற ரெண்டு வார்த்தை மட்டும்தான். அப்பா என்ன மாத்திரை சாப்பிடறார், இதய நோய், சுகர், கிட்னி பிரச்சனை இருக்கா, கால் வீங்குதாங்கறத சிகிச்சை பாக்கற டாக்டர்கிட்ட நீங்களே எடுத்து சொல்லுங்க. அது தெரிஞ்சா அதே படத்துக்கு வேற வாசிப்பு வரலாம்.

இதுல ஒரு சின்ன தொழில் ரகசியம். மல்லாக்க படுத்து எடுக்கறதால நுரையீரலோட முதுகுப் பக்கம் அமுங்கி, ஒண்ணும் இல்லாமலே லேசா சாம்பலா தெரியும், அதுவும் கீழ் ஓரத்துல. கோவிட் திட்டு வர்ற அதே இடம். இருமல்ல மூச்ச பிடிக்க முடியாம பாதி மூச்சு விட்ட நிலையில எடுத்துட்டா நுரையீரல் மொத்தமும் மங்கலாகிடும். அத கண்டுபிடிக்க நாங்க மூச்சுக்குழாயோட பின்சுவர பாப்போம், மூச்ச நல்லா இழுத்திருந்தா அது வெளிப்பக்கமா வளைஞ்சு குழாய் உருண்டையா இருக்கும், விட்டிருந்தா அந்த சுவர் உள்ள வளைஞ்சு வந்திருக்கும். சந்தேகம் இருந்தா குப்புற படுக்க வச்சு நாலு ஸ்லைஸ் எடுத்தா போதும், அமுங்கினதுன்னா மறைஞ்சிடும், நோய்னா அங்கேயே நிக்கும். ஆனா நெருக்கடி நேரத்துல இதெல்லாம் எல்லா இடத்துலயும் நடக்கறதில்லங்கறதும் உண்மை.

சரி, படத்த எவ்வளவு நம்பலாம்னு நம்பர்ல கேட்டா, 2020 ஆரம்பத்துல வூஹான்ல 1014 பேர வச்சு வந்த ஆய்வுல பிசிஆர் பாசிட்டிவ் ஆனவங்கள்ல 97 சதவீதம் பேருக்கு சிடி பாசிட்டிவ்னு வந்ததும் உலகமே சிடி பின்னாடி ஓடுச்சு, அதே ஆய்வுல பிசிஆர் நெகட்டிவ் ஆனவங்கள்ல 25 சதவீதம் பேருக்குத்தான் சிடியும் நெகட்டிவ்ங்கற பாதிய யாரும் பெருசா பேசல. அந்த பிப்ரவரி 12ந்தேதி ஹூபெய் மாகாணத்துல பிசிஆர் இல்லாமலே சிடிய வச்சு உறுதி பண்ணினவங்களையும் கணக்குல சேத்தாங்க, ஒரே நாள்ல கிட்டத்தட்ட 15,000 கேஸ் ஏறுச்சு. டெஸ்ட் கிட் பத்தாத ஊர்ல, எங்க பாத்தாலும் அதே நோய் இருந்தப்ப அது நியாயமான முடிவுதான். அப்புறமா மருத்துவ ஆய்வுகள தொகுத்து எடை போடற காக்ரேன் குழு நெறைய ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தப்ப, நோய் இருக்கறவங்கள்ல சிடி கண்டுபிடிக்கறது 87 சதவீதம் பக்கம், இல்லாதவங்கள சரியா இல்லன்னு சொல்றது 80 சதவீதம் பக்கம்னு நின்னுச்சு. இத வீட்டுக்கணக்கா போட்டு பாருங்க. சந்தேகத்தோட வர்ற 100 பேர்ல 50 பேருக்கு நிஜமாவே நோய் இருந்தா சிடி 43, 44 பேர பிடிக்கும், நோய் இல்லாத 10 பேரயும் சேத்து பிடிக்கும், பரவால்ல. அதே 100 பேர்ல 5 பேருக்குத்தான் இருக்குன்னா, 4 பேர பிடிச்சிட்டு 19 பேர தேவையில்லாம பயமுறுத்தும். படம் அதே படம், அதுக்கு முன்னாடி எவ்வளவு வாய்ப்பு இருந்துச்சுங்கறதுதான் பதில மாத்துது. அதனால அப்பாவ சுத்தி இருக்கறவங்களுக்கு காய்ச்சல் இருக்கா, இப்ப எந்த வைரஸ் பரவுதுங்கற விவரம் எல்லாம் அந்த ரிப்போர்ட்டுக்கு பக்கத்துலயே வச்சு படிக்கணும்.

பிசிஆர் நெகட்டிவ்ங்கறத வச்சு 'ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னவருக்கு பதில்: நெகட்டிவ்னா அந்த குச்சில அன்னைக்கு அந்த வைரஸ் கிடைக்கலன்னு அர்த்தம். குச்சி சரியா ஆழமா போகலன்னா கிடைக்காது, நோய் கீழ நுரையீரலுக்கு இறங்கினதுக்கு அப்புறம் மூக்குல குறைஞ்சு போயிருந்தாலும் கிடைக்காது. அதோட அந்த டெஸ்ட் கோவிடுக்கு மட்டும் எடுத்ததா இருந்தா இன்ஃப்ளுயன்சாவ அது பாக்கவே இல்ல. ரெண்டு பக்கமும் இவ்வளவு தெளிவான மாற்றம் இருக்கும்போது ஒரு நெகட்டிவ வச்சு மூடிடக்கூடாது, திரும்ப ஒரு ஸ்வாப், முடிஞ்சா இன்ஃப்ளுயன்சாவும் சேத்து பாக்கற பேனல் எடுக்கச் சொல்லி கேளுங்க, ஏன்னா இன்ஃப்ளுயன்சாவுக்கு தனி மருந்து இருக்கு, அத எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்வளவு நல்லது. எதிர்ப்பக்கமும் சொல்லிடறேன், ஆரம்ப நாள்ல சிடி நார்மல்னு வந்தாலும் நோய் இல்லன்னு ஆகிடாது. 2020ல 121 கோவிட் நோயாளிகள வச்சு பாத்த ஒரு ஆய்வுல, அறிகுறி வந்து ரெண்டு நாளுக்குள்ள எடுத்த 36 பேர்ல 20 பேருக்கு சிடில ஒண்ணுமே இல்ல.

இப்ப அந்த 11க்கு வருவோம். நுரையீரல்ல வலது பக்கம் மூணு, இடது பக்கம் ரெண்டு, மொத்தம் அஞ்சு லோப். ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு பங்கு பாதிச்சிருக்குன்னு கண்ணால மதிப்பு போட்டு 0ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடறோம். 5 சதவீதத்துக்கு கீழன்னா 1, 25 வரைக்கும் 2, பாதிக்கு கீழன்னா 3, 75 வரைக்கும் 4, அதுக்கு மேல 5. உங்க அப்பாவுக்கு உதாரணத்துக்கு வலது கீழ் லோப் 4, இடது கீழ் 3, வலது மேல் 2, நடு லோப் 1, இடது மேல் 1ன்னு இருந்தா கூட்டி 11. பாக்க கணக்கு மாதிரி இருந்தாலும் இதுல ஓட்டை நெறைய. 26 சதவீதத்துக்கும் அதே 3, 49 சதவீதத்துக்கும் அதே 3. நடு லோப்தான் அஞ்சுலயும் ரொம்ப சின்னது, கீழ் லோப் அதவிட எவ்வளவோ பெருசு, ஆனா ரெண்டுக்கும் சமமா 5 மார்க். லேசான சாம்பலுக்கும் கெட்டியான வெள்ளைக்கும் வித்தியாசம் கிடையாது, பரப்பளவு மட்டும்தான் கணக்கு. நான் 11 போட்ட படத்துக்கு பக்கத்து சீட்ல இருக்கறவர் 9 போடலாம், 13 போடலாம், ரெண்டு பேரும் தப்பு பண்ணலன்னுதான் சொல்வேன். வழக்கமா 7 வரைக்கும் லேசானது, 8ல இருந்து 17 நடுத்தரம், 18க்கு மேல தீவிரம்னு பிரிப்பாங்க, ஆனா வேற இடத்துல கோடு போடறவங்களும் இருக்காங்க, 40க்கு மார்க் போடற இன்னொரு முறையும் இருக்கு, அதனால 'பக்கத்து வீட்டுக்காரருக்கு 15 வந்து தப்பிச்சார், எனக்கு 18'ன்னு ஒப்பிடும்போது எத்தனைக்கு எத்தனைன்னு பாக்காம பேசறதுல அர்த்தமே இல்ல. இப்ப சாஃப்ட்வேரும் இந்த சதவீதத்த போட்டு குடுக்குது, கண்மதிப்ப விட ஒரே சீரா போடும், ஆனா மல்லாக்க படுத்ததால வந்த சாம்பலையும் அது நோய்னு எண்ணிடும், யாராச்சும் மனுஷங்க பாத்து தள்ளணும்.

ஓட்டை இருக்குன்னு அந்த நம்பர குப்பைல போட சொல்லல. நெறைய நோயாளிகள மொத்தமா பாத்தா, ஸ்கோர் கூடக் கூட ஆக்சிஜன் தேவை, வென்டிலேட்டர், இறப்பு எல்லாம் கூடுதுங்கறது பல ஆய்வுல திரும்பத் திரும்ப வந்திருக்கு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல. தனி ஒரு ஆளுக்கு அத பொருத்தும்போதுதான் தடுமாறுது. யோகோஹாமா துறைமுகத்துல நிறுத்தி வச்சிருந்த டைமண்ட் பிரின்சஸ் கப்பல்ல இருந்து வந்த 112 கோவிட் பாசிட்டிவ் ஆளுங்களுக்கு சிடி எடுத்தாங்க, அதுல 82 பேருக்கு எந்த அறிகுறியும் இல்ல, அந்த 82ல 44 பேருக்கு நுரையீரல்ல மாற்றம் இருந்துச்சு. படத்துல நோய் இருக்கு, ஆளுக்கு தெரியவே இல்ல. அப்படியே தலைகீழா, பல வருஷம் புகை பிடிச்சு நுரையீரல் ஏற்கனவே கெட்டுப் போனவருக்கு 6/25 வந்தாலே மூச்சு முட்டும், அவர்கிட்ட மிச்சம் இருக்கறதே கொஞ்சம்தான். இன்னொண்ணு, எந்த நாள் எடுத்த படம்ங்கறது. கோவிட்ல படத்துல தெரியற பாதிப்பு பொதுவா அறிகுறி ஆரம்பிச்சு 9ல இருந்து 13வது நாளுக்குள்ள உச்சத்த தொடும், அப்புறம்தான் மெதுவா இறங்கும். உங்க அப்பாவோட 11 ஆறாவது நாள்ல வந்த 11. பன்னண்டாவது நாள்ல வந்த 11ன்னா நான் கொஞ்சம் நிம்மதியா இருப்பேன், ஆறாவது நாள்ங்கும்போது அடுத்த அஞ்சாறு நாள் கண்ண மூடாம பாத்துக்கணும்னு சொல்வேன். ரிப்போர்ட்ல ஸ்கோர் இருக்கும், எத்தனாவது நாள்னு இருக்காது, அத நீங்கதான் ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் சொல்லணும்.

சிகிச்சை முடிவ எது நகத்துதுன்னு ஒரு நல்ல சாட்சி இருக்கு. 2020ல பிரிட்டன்ல நடந்த ரெகவரி ட்ரையல்ல டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு குடுத்து பாத்தாங்க, வென்டிலேட்டர்ல இருந்தவங்க இறப்பு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, ஆக்சிஜன் மட்டும் வாங்கிட்டு இருந்தவங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சுது, ஆக்சிஜனே தேவைப்படாதவங்களுக்கு எந்த நன்மையும் வரல. அங்க ஆள பிரிச்சது ஆக்சிஜன், சிடி ஸ்கோர் இல்ல. ஆக்சிஜன் 97 இருக்கறவருக்கு ஸ்கோர பாத்து பயந்து ஸ்டீராய்டு ஆரம்பிக்கறது, அதுவும் சுகர் இருக்கறவருக்கு, தேவையில்லாத வம்பு. அதுவும் இது கோவிடுக்கு கிடைச்ச பதில், வேற வைரஸ்னா இதையே அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது.

அதனால வீட்ல நீங்க பாக்க வேண்டியது இதுதான். அப்பாவ அஞ்சு நிமிஷம் அமைதியா உக்கார வச்சு, விரல் சூடா இருக்கும்போது, நகப்பூச்சு மருதாணி எதுவும் இல்லாத விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டி, நம்பர் நிலையா நின்னதுக்கு அப்புறம் எழுதி வைங்க, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ. அப்புறம் வீட்டுக்குள்ளயே 40 காலடி எடுத்து வச்சு நடக்க விடுங்க, இல்ல ஒரு நிமிஷம் நாற்காலில உக்காந்து எந்திரிக்க விடுங்க, மூணு பாயிண்டோ அதுக்கு மேலயோ இறங்கினா, உக்காந்திருக்கும்போது நல்லா இருந்தாலும் டாக்டருக்கு உடனே சொல்லணும். ஏற்கனவே ரொம்ப திணறறவர இந்த நடை டெஸ்டுக்கு விடாதீங்க, நேரா ஆஸ்பத்திரிதான். உக்காந்த நிலையிலயே 94க்கு கீழ போனா, நிமிஷத்துக்கு மூச்சு 24, 25ன்னு ஏறினா, குழப்பமா பேசினா, நெஞ்சு வலிச்சா காத்திருக்க வேண்டாம். அந்த கருவியும் ரெண்டு மூணு பாயிண்ட் முன்ன பின்ன காட்டும், கறுத்த தோல்ல இருக்கறத விட கூடுதலா காட்டற பழக்கமும் அதுக்கு உண்டு, அதனால 94ல நின்னா 'இன்னும் 93 ஆகல'ன்னு உக்காந்திருக்காதீங்க. இப்ப 96, நடந்தும் 95க்கு கீழ போகல, சாப்பிடறார், பேசறார்னா அந்த 11ஐ விட இது எனக்கு பெரிய ஆறுதல். ஆனா 'தெரியாமலே ஆக்சிஜன் இறங்கற' நிலை கோவிட்ல நல்லாவே தெரிஞ்ச விஷயம், ஆள் சாதாரணமா போன்ல பேசிட்டு இருப்பார், மாட்டி பாத்தா 85 இருக்கும், அதனாலதான் 'மூச்சுத்திணறல் இல்லையே'ங்கறத மட்டும் நம்பாம அளந்து பாக்கச் சொல்றேன்.

திரும்ப சிடி எடுக்கணுமாங்கறதுக்கு: நல்லா இருக்கறவருக்கு 'ஸ்கோர் இறங்கிடுச்சா பாப்போம்'னு நாலு நாள்ல எடுக்காதீங்க. ஆறாவது நாளுக்கும் பத்தாவது நாளுக்கும் நடுவுல, நல்லபடியா ஆறப்போற ஆளுக்கே ஸ்கோர் ஏறித்தான் இருக்கும், அத பாத்து இன்னும் நாலு பேர் பயப்படறதுதான் மிச்சம். கதிர்வீச்சப் பத்தி பேசினா, சாதாரண நெஞ்சு சிடிக்கு 5ல இருந்து 7 மில்லிசீவர்ட், குறைஞ்ச டோஸ்ல எடுத்தா 1, 2க்குள்ள முடிச்சிடலாம், இயற்கையாவே நம்ம எல்லாருக்கும் வருஷத்துக்கு உலக சராசரியா 2.4 வந்துட்டுத்தான் இருக்கு. ஒரு ஸ்கேனால 58 வயசுக்காரருக்கு பெரிய கெடுதல் வந்துடாது, காரணம் இல்லாம மூணு நாலுன்னு எடுக்கறதுதான் தப்பு. லேசான அறிகுறி இருக்கறவங்களுக்கு, மோசமாகற ஆபத்து இல்லன்னா, இமேஜிங்கே தேவையில்லன்னு 2020 ஏப்ரல்லயே நெஞ்சுப் படம் பாக்கற நிபுணர்களோட ஃபிளைஷ்னர் சொசைட்டி சொல்லிடுச்சு, சிடிய ஸ்கிரீனிங்குக்கோ முதல் டெஸ்டாவோ பயன்படுத்தாதீங்கன்னு அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் சொல்லுச்சு.

ஆனா ஆள் மோசமானா சிடி கண்டிப்பா வேணும், அப்ப தயங்கக்கூடாது. ஆறிட்டு வந்தவருக்கு திடீர்னு ஆக்சிஜன் இறங்குது, ஆனா படத்துல திட்டு அவ்வளவு கூடலன்னா நாங்க முதல்ல யோசிக்கறது நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கான்னு. இங்க ஒண்ண மனசுல வைங்க, சாதாரணமா எடுத்த சிடில அந்த கட்டி தெரியாது, கைல கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தி எடுக்கற ஆஞ்சியோகிராம்தான் காட்டும், அதுக்கு முன்னாடி கிட்னி எப்படி இருக்குன்னு கிரியேட்டினின் டெஸ்ட்ல பாத்துப்பாங்க. 'முதல்லயே சிடி எடுத்தாச்சே, அதுல கட்டி இல்லையே'ன்னு வர்ற குழப்பம் ரொம்ப சகஜம். காய்ச்சல் விட்டுட்டு திரும்ப வந்து, ஒரு இடத்துல மட்டும் புதுசா வெள்ளைக்கட்டி வந்தா பாக்டீரியா மேல ஏறியிருக்கலாம், நடுவுல குழி விழுந்தாலோ, சுத்தி வளையம் கட்டினாலோ பூஞ்சைய தேடுவோம், அதுவும் ஸ்டீராய்டும் சுகரும் சேந்திருந்தா. நுரையீரல சுத்தி காத்து கசிஞ்சிருக்காங்கறதும் அப்பத்தான் தெரியும்.

கடைசியா, இன்னும் ரெண்டு மூணு மாசத்துல நீங்க கேக்கப் போற கேள்வி, 'ரிப்போர்ட்ல ஃபைப்ரோசிஸ்னு போட்டிருக்காங்க, நுரையீரல் போச்சா?' நிமோனியா ஆறும்போது கோடு கோடா, பட்டை பட்டையா நிக்கறது சகஜம், முதல் சில வாரத்துல அத தழும்புன்னு எழுதறது அவசரம், பல பேருக்கு மாசக்கணக்குல அது கரைஞ்சு போறத பாத்திருக்கோம், சிலருக்கு, அதுவும் ஐசியூல ரொம்ப நாள் இருந்தவங்களுக்கு, கொஞ்சம் நின்னுடும். கோவிட் நிமோனியாவுக்கு அப்புறம் சுமார் 12 வாரம் கழிச்சு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்து பாக்கறதுதான் பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி சொன்ன வழி, அதுல சரியா ஆகலன்னாலோ, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கறது நிக்கலன்னாலோதான் சிடியும் மூச்சுத்திறன் டெஸ்டும். அப்ப ஒப்பிட்டு பாக்க பழைய படம் வேணும், ஃபிலிம்ல இருபது கட்டத்துல அச்சடிச்சது போதாது, இப்ப எடுத்த சென்டர்லயே முழு ஸ்கேனையும் சிடி டிஸ்க்லயோ பென் டிரைவ்லயோ கேட்டு வாங்கி வச்சுக்கங்க, நாள் ஆனா அவங்க சிஸ்டத்துல இருந்து அழிச்சிடுவாங்க.